மண்ணெண்ணெய் ஊற்றினாலும் செல் சாகும்: செல் இறப்பின் கட்டுப்பாட்டை ஆராய விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதுகலை முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், பாளையங்கோட்டை வீட்டில் ஆச்சி கேட்டாள்: "இன்னும் என்னத்தட்டி படிக்க?" "செல்லு எப்படிச் சாவுதுன்னு படிக்கேன் ஆச்சி." எங்கள் பக்கம் செல் என்றால் கரையான். ஆச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. "அதுக்கா இத்தன வருசம்? மண்ணெண்ணெய ஊத்து, அவ்வளவும் செத்துப் போவும்லா."

அன்றைக்கு வீடே சிரித்தது. பிறகு மாணவர்களின் திட்ட அறிக்கைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலை வந்தபோது எனக்குச் சிரிப்பு போய்விட்டது. நம் வட்டாரத்தில் உயிரித்தொழில்நுட்பமோ விலங்கியலோ படிப்பவர்களில் பலர் எடுக்கும் தலைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மலையடிவாரத்து மூலிகை ஒன்றின் சாறு, ஏதாவது ஒரு புற்றுநோய்ச் செல், செல்கள் செத்ததைக் காட்டும் ஒரு வரைபடம், கடைசி வரியில் 'அப்போப்டோசிஸ் நிகழ்ந்தது', அதாவது செல் உத்தரவின்பேரில் ஒழுங்காகத் தானே செத்தது. சாற்றுக்குப் பதில் மண்ணெண்ணெயை விட்டிருந்தாலும் அதே வரைபடம் வந்திருக்கும்.

செத்ததா இல்லையா என்பதைப் பார்ப்பது சுலபம். சாவதற்கு வேண்டிய கருவிகள் எல்லாம் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எப்போதும் தயாராகவே இருக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருப்பது யார், விடச் சொன்னது யார்? மூலக்கூறு உயிரியலாளர் ஆண்டுக்கணக்கில் தேடுவது அதைத்தான். அந்தத் தேடலை எங்கிருந்து தொடங்கி எப்படிக் கொண்டுபோவது என்று படிப்படியாக எழுதுகிறேன். பிளஸ் டூ உயிரியல் தெரிந்தவர்களுக்கு முதல் நான்கு படிகள் புரியும். மிச்சம், ஆய்வகத்தில் கை வைக்கப் போகிறவர்களுக்கு.

படி 1: முதலில் கண்ணால் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் வாய்க்கால் ஓரத் தேங்கல்களில் தலைப்பிரட்டைகள் கறுப்பாக மொய்க்கும். பிடித்து வர வேண்டாம், வெட்டவும் வேண்டாம். ஒரே இடத்தில் தினமும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். நான்கு காலும் வந்த பிறகு வால் குறுகிக்கொண்டே போகும். அறுந்து விழுவதில்லை, அழுகுவதில்லை, புண்ணாவதில்லை. தைராய்டு ஹார்மோன் உத்தரவிட, வாலின் செல்கள் தாமாகவே ஒடுங்கிச் சாகின்றன. செத்த துண்டுகளை விழுங்கும் செல்கள் எடுத்துத் தின்றுவிடுகின்றன. நேற்று வாலாக இருந்த சரக்கு இன்றைக்குத் தவளைக்கு உணவு. பல்லி வாலை உதறுவதை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது முறிவு, வேறு கதை.

ஒரு வகைத் தேரையின் வளர்ச்சியில் செல்கள் இப்படி மறைவதை கார்ல் ஃபோக்ட் 1842லேயே எழுதிவிட்டார். ஆனால் அதற்கு ஒரு பெயரும் அடையாளமும் கிடைக்க 1972 வரை ஆனது. ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கரி மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் 'அப்போப்டோசிஸ்' என்ற சொல் வந்தது. மரத்திலிருந்து இலையும் பூவிதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. வேடிக்கை என்னவென்றால், இலை உதிர்வதில் நாம் பேசப்போகும் கருவிகள் எதுவும் வேலை செய்வதில்லை. பெயர் மரத்துடையது, பொறி விலங்குடையது.

நுண்ணோக்கியில் அந்த மூவர் பார்த்த அடையாளங்கள் இன்றும் செல்லுபடியாகும். செல் சுருங்குகிறது. உட்கரு இறுகித் துண்டாகிறது. மேற்பரப்பு கொப்புளித்து, செல் முழுவதும் சவ்வு மூடிய சிறு பைகளாகப் பிரிகிறது. உள்ளே இருப்பது எதுவும் வெளியே சிந்துவதில்லை, அதனால் சுற்றிலும் வீக்கம் இல்லை. தீக்காயத்திலோ நஞ்சிலோ சாகும் செல் நேர் எதிர்: வீங்கும், வெடிக்கும், உள்ளிருப்பதைக் கொட்டும், பக்கத்துத் திசுவுக்கும் தொல்லை கொடுக்கும். அதன் பெயர் நெக்ரோசிஸ். ஆச்சியின் மண்ணெண்ணெய் இந்த வகை.

படி 2: புழுவின் கணக்கைப் போட்டுப் பழகுங்கள்

பாடப்புத்தகத்தில் அம்புக்குறி வரைபடத்தைப் பார்த்து மனப்பாடம் செய்வது வீண். அதற்கு முன்னால் சீனோராப்டிடிஸ் எலகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவிடம் போங்கள். அதன் இருபால் புழுவில் வளர்ச்சியின்போது 1090 உடற்செல்கள் உண்டாகின்றன. 131 சாகின்றன. 959 மிஞ்சுகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131, அதே இடம், ஏறக்குறைய அதே நேரம். ஜான் சல்ஸ்டன் நுண்ணோக்கியில் உட்கார்ந்து ஒவ்வொரு செல்லின் பரம்பரையையும் கண்ணால் பின்தொடர்ந்து போட்ட கணக்கு இது.

இத்தனை துல்லியமாக நடப்பது விபத்தாக இருக்க முடியாது, இதற்கு மரபணு இருக்க வேண்டும் என்று ராபர்ட் ஹார்விட்ஸ் தேடினார். 1986இல் செட்-3, செட்-4 என்ற இரண்டு மரபணுக்கள் கிடைத்தன. இவற்றில் எது கெட்டாலும் அந்த 131 செல்களில் ஏறக்குறைய எதுவும் சாவதில்லை. புழுவும் நன்றாகவே வாழ்கிறது. பிறகு செட்-9 கிடைத்தது. அது கெட்டால் சாக வேண்டாத செல்களும் சாகின்றன. கடைசியாக ஈ.ஜி.எல்-1. புழுவை ஆய்வுக்குக் கொண்டுவந்த சிட்னி பிரென்னரோடு சல்ஸ்டனும் ஹார்விட்ஸும் 2002இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இப்போது ஒரு தாளில் எழுதுங்கள். செட்-3 கொல்லும் கத்தி. செட்-4 கத்தியைத் தீட்டுபவன். செட்-9, தீட்டுபவனின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவன். ஈ.ஜி.எல்-1 வந்து செட்-9ஐ இழுத்துக்கொண்டு போகிறான். தீட்டுபவனின் கை விடுபடுகிறது.

கவனியுங்கள், 'செத்துப்போ' என்று நேரடியாக யாரும் சொல்லவில்லை. தடுப்பவனைத் தடுத்ததுதான் நடந்தது. இந்தத் துறையில் நுழைகிறவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். ஒரு புரதம் கூடினால் சாவு கூடுமா குறையுமா என்று கேட்டால், வழியில் எத்தனை தடுப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்த பிறகே பதில் சொல்ல வேண்டும். நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் முதல் கணக்கு: செட்-3உம் செட்-9உம் ஒன்றாகக் கெட்டுப்போன புழுவில் என்ன ஆகும்? கத்தியே இல்லாதபோது கையைப் பிடிக்க ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன; செல்கள் சாவதில்லை. அப்படியென்றால் செட்-3 கீழே, செட்-9 மேலே. யார் யாருக்கு உத்தரவிடுகிறார் என்று கண்டுபிடிக்கும் முறையே இதுதான்.

படி 3: குளக்கரையில் நின்று மைட்டோகாண்ட்ரியாவைப் பாருங்கள்

அதே நால்வரின் உறவினர்கள் நம் உடம்பிலும் இருக்கிறார்கள், குடும்பம் மட்டும் பெருத்துவிட்டது. செட்-3க்கு ஈடு, கேஸ்பேஸ் என்ற நொதிகள். 1993இல் ஜுன்யிங் யுவானும் ஹார்விட்ஸ் குழுவினரும் இந்த உறவைக் காட்டினார்கள். புரதத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம் இருக்கும் இடத்தில் வெட்டுவது இவற்றின் குணம். செட்-4க்கு ஈடு ஏபாஃப்-1. செட்-9க்கு ஈடு பி.சி.எல்-2.

பி.சி.எல்-2வின் கதை புற்றுநோயில் தொடங்குகிறது. ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் 14, 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும் இடத்தில் கிடைத்த மரபணு அது. புற்றுநோய் மரபணு என்றால் செல்லைப் பெருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ் குழுவினர், இது செல்லைப் பெருக்குவதே இல்லை, சாகவிடாமல் வைத்திருக்கிறது என்று காட்டினார்கள். மனித பி.சி.எல்-2வைப் புழுவுக்குள் வைத்தால் அங்கேயும் செல்கள் பிழைக்கின்றன என்று 1992இல் காட்டியதும் வாக்ஸ்தான். அறுபது கோடி ஆண்டு இடைவெளி இருந்தும் பூட்டுக்குச் சாவி பொருந்துகிறது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்சம் வரும்.

நம் செல்லில் புழுவைவிடக் கூடுதலாக ஒரு சங்கதி இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளம் மைட்டோகாண்ட்ரியா, தண்ணீர் சைட்டோகுரோம் சி. குளத்துக்குள் இருக்கும்வரை அதன் வேலை சுவாசம், அதாவது செல்லுக்கு ஆற்றல். அதே தண்ணீர் கரையைத் தாண்டி ஊருக்குள் வந்தால் அழிவு. 1996இல் சியாவோடாங் வாங்கின் ஆய்வகம் இதைச் சொன்னபோது பலரால் நம்பமுடியவில்லை. உயிர் வாழ வைக்கும் மூலக்கூறு எப்படிச் சாவுக்கு மணியடிக்கும்? இடம் மாறினால் அடிக்கும்.

கரையை உடைப்பவர்கள் இருவர், பாக்ஸ், பாக். அவர்கள் கையைப் பிடித்து நிறுத்துபவர்கள் பி.சி.எல்-2, பி.சி.எல்-எக்ஸ்.எல், எம்.சி.எல்-1 ஆகியோர். அந்தக் காவலர்களை மடக்கிக் கொண்டுபோகும் கூட்டம் ஒன்று உண்டு: பிம், பிட், பூமா, நோக்சா, பேட். ஈ.ஜி.எல்-1இன் தம்பிமார் இவர்கள். எல்லாரும் எல்லாக் காவலரையும் மடக்க முடியாது. நோக்சா முக்கியமாக எம்.சி.எல்-1ஐத்தான் பிடிப்பான். பேட், பி.சி.எல்-2ஐயும் பி.சி.எல்-எக்ஸ்.எல்லையும் பிடிப்பான், எம்.சி.எல்-1 பக்கம் போகமாட்டான். பிம், எல்லோரையும் மடக்குவான். எந்தச் செல் எந்தக் காவலரை நம்பி உயிரோடு இருக்கிறது என்பது செல்லுக்குச் செல் மாறும். கட்டுப்பாடு பற்றிய ஆராய்ச்சியில் பாதி, இந்தக் கணக்கைப் போடுவதுதான். அதன் பலனைக் கேட்டால் ஓர் உதாரணம் சொல்லலாம்: பி.சி.எல்-2வின் பள்ளத்தில் போய் உட்கார்ந்து அதை மடக்கும் வெனட்டோகிளாக்ஸ் மருந்துக்கு, ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் பயன்படுத்த 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

பலர் இதை மடை திறப்பதுபோல எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மடையைக் கொஞ்சம் திறக்கலாம், மூடலாம். இது கரை உடைப்பு. ஒரு செல்லில் கரை உடையத் தொடங்கினால் சில நிமிடங்களில் ஏறக்குறைய எல்லா மைட்டோகாண்ட்ரியாவும் காலி. ஒன்றிரண்டு மட்டும் உடைந்து செல் பிழைத்துக்கொள்வதும் உண்டு, ஆனால் அது விதிவிலக்கு.

வெளியே வந்த சைட்டோகுரோம் சி, ஏபாஃப்-1ஓடு சேர்ந்து ஏழு ஆரம் கொண்ட சக்கரம் ஒன்றை அமைக்கிறது. அதில் கேஸ்பேஸ்-9 ஏறி விழித்துக்கொள்கிறது. அது கேஸ்பேஸ்-3ஐயும் 7ஐயும் வெட்டி எழுப்புகிறது. அவை நூற்றுக்கணக்கான புரதங்களை வெட்டித் தள்ளுகின்றன. இந்த இடத்தில்கூட ஒரு காவலன் இருக்கிறான், எக்ஸ்.ஐ.ஏ.பி. என்று பெயர். கேஸ்பேஸ்களை அமுக்கி வைப்பான். அவனை மடக்கும் ஸ்மாக் என்ற புரதமும் அதே குளத்துத் தண்ணீரோடுதான் வெளியே வருகிறது. தடுப்பவனைத் தடுப்பது மறுபடியும்.

படி 4: வெளி வாசல்

இன்னொரு வழி, வெளியிலிருந்து வரும் உத்தரவு. செல்லின் மேல் ஃபாஸ் போன்ற ஏற்பிகள் இருக்கின்றன. நோய் எதிர்ப்புச் செல் வந்து அதைத் தொட்டால் உள்பக்கம் ஃபாட் என்ற புரதமும் கேஸ்பேஸ்-8உம் கூடுகின்றன. சில செல்களில் கேஸ்பேஸ்-8 மட்டுமே போதும். வேறு சிலவற்றில் அது பிட் என்ற புரதத்தை வெட்டி அனுப்பி, குளக்கரையையும் உடைத்தாக வேண்டும். உங்கள் செல் எந்த ரகம் என்று முன்கூட்டியே படித்துவிடுங்கள். இதற்குமேல் இப்போதைக்கு வேண்டாம்.

படி 5: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

'இந்தச் சாறு அப்போப்டோசிஸைத் தூண்டுகிறதா' என்பது கேள்வியே இல்லை. போதுமான அளவு கொடுத்தால் உப்புக்கூடத் தூண்டும். 'இந்தப் பொருள் கொடுத்தால் எம்.சி.எல்-1 குறைகிறது; சாவுக்கு அந்தக் குறைவுதான் காரணமா?' என்று கேளுங்கள். அது ஓராண்டில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. பதில் 'இல்லை' என்று வந்தாலும் அறிக்கைக்கு மதிப்பு இருக்கும்.

ஒரே வாக்கியத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்தத் தூண்டல், எந்தக் காவலர், எந்தச் செல். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் வழிகாட்டியிடம் போவதற்கு முன் திருத்தி எழுதுங்கள்.

படி 6: செல்லின் ஜாதகத்தைப் பாருங்கள்

நான் பட்டதைச் சொல்கிறேன். முதுகலைத் திட்டத்துக்கு எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்லை எடுத்தேன். எல்லோரும் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். அப்போப்டோசிஸ் நடந்தால் டி.என்.ஏ., நியூக்ளியோசோம்களுக்கு நடுவே வெட்டப்பட்டு, சுமார் 180 கார இணைகளின் மடங்குகளாகத் துண்டாகும். ஜெல்லில் ஓட்டினால் ஏணிப்படி மாதிரி கோடுகள் வரும். மூன்று வாரம் ஓட்டினேன். செல் சாகிறது, ஏணி வரவில்லை. கை சுத்தமில்லை என்றார்கள். புதிதாக அகரோஸ் வாங்கினேன், ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஓட்டினேன், கரண்ட் போகும்போதெல்லாம் அழுகை வந்தது.

குறை என் கையில் இல்லை, செல்லில் இருந்தது. எம்.சி.எஃப்-7இல் கேஸ்பேஸ்-3 மரபணுவில் 47 கார இணைகள் விடுபட்டிருக்கின்றன, அதனால் அந்தப் புரதமே உருவாவதில்லை. ஏணி வருவதற்கு அது வேண்டும். இது 1998லேயே அச்சில் வந்த செய்தி. நான் ஏணி தேடியபோது பல ஆண்டு பழைய செய்தி. ஆனாலும் இன்றைக்கும் 'எம்.சி.எஃப்-7இல் கேஸ்பேஸ்-3 அளவு கூடியது' என்று எழுதிய அறிக்கைகள் என் மேசைக்கு வருகின்றன. அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை.

இதேபோல் ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்லில், டி.என்.ஏ. சேதமானால் செல்லைச் சாகத் தூண்டும் பி53 புரதம் பற்றி ஆராயக் கிளம்பாதீர்கள். அதற்குள் இருக்கும் பாப்பிலோமா வைரஸின் இ6 புரதம், பி53ஐ வந்த வேகத்தில் அழித்துவிடுகிறது. பி53 வழியாகப் பூமா, நோக்சா கூடுகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் பி53 ஒழுங்காக உள்ள ஏ549, எச்.சி.டி.116, ஹெப்ஜி2 போன்றவற்றில் ஒன்றை எடுங்கள்.

செல்களைப் பக்கத்துக் கல்லூரி நண்பரிடம் ஒரு குடுவை கடன் வாங்குவது நம் வழக்கம். வேண்டாம். புணேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் சேமிப்பகத்திலிருந்து வாங்குங்கள். வந்ததும் மைக்கோபிளாஸ்மா சோதனை செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமி உள்ளே இருந்தால் செல்லின் சாவு, பிழைப்பு இரண்டையும் குழப்பிவிடும்.

புழுவிலேயே ஆராய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செலவு குறைவு, பாக்டீரியாவைத் தின்று வளரும், மூன்றரை நாளில் தலைமுறை. ஆனால் அதற்கு 20 டிகிரி வேண்டும். 25 டிகிரிக்கு மேலே போனால் முட்டை குறைந்து மலடாகத் தொடங்கும். சித்திரை மாதத்தில் நம்மூர் ஆய்வகத்தில் குளிர்ப்பெட்டிக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

படி 7: ஊற்றுவதற்கு முன்

குறைந்தது நான்கு தட்டு வேண்டும்: எதுவும் சேர்க்காதது, கரைப்பான் மட்டும் சேர்த்தது, உங்கள் பொருள், நிச்சயம் அப்போப்டோசிஸ் தரும் ஒரு பொருள். கடைசியானதற்கு ஸ்டாரோஸ்போரின் ஒரு மைக்ரோமோலார் அளவில் நான்கைந்து மணி நேரம் போதும். கரைப்பான் டி.எம்.எஸ்.ஓ. என்றால் 0.1 சதவீதத்தில் நிறுத்தப் பாருங்கள். அளவு மிஞ்சினால் அதுவே மண்ணெண்ணெய்.

நேரம்தான் உயிர்நாடி. 48 மணி நேரம் கழித்து மட்டும் பார்த்தால் கிடைப்பது பிணக்கிடங்கு. தட்டில் விழுங்குவதற்கு ஆள் இல்லாததால், ஒழுங்காகச் செத்த செல்லும் பிறகு வெடித்து நெக்ரோசிஸ் மாதிரியே தெரியும். 2, 4, 8, 16, 24 மணி என்று எடுங்கள். எது முதலில் நடந்தது என்று தெரியாமல் எது காரணம் என்று சொல்லமுடியாது. எம்.சி.எல்-1 குறைந்தது எட்டாவது மணியில், கேஸ்பேஸ் விழித்தது நான்காவது மணியில் என்றால், குறைந்ததற்கே கேஸ்பேஸ்தான் காரணமாக இருக்கலாம்.

எம்.டி.டி. சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அது அளப்பது உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும் திறனை. நம் மூலிகைச் சாறுகளில் பாலிஃபீனால்கள் நிறைய. அவை செல்லே இல்லாத கிண்ணத்திலும் சாயத்தை ஊதாவாக்கிவிடும். செல் இல்லாமல் சாறு மட்டும் விட்ட ஒரு வரிசை வைத்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு திட்டம் அந்த ஒரு வரிசையிலேயே கவிழ்ந்தது.

படி 8: மூன்று சாட்சிகள்

முதல் சாட்சி, செல்லின் தோல். சவ்வின் உள்பக்கம் இருக்கவேண்டிய பாஸ்பாட்டிடைல்செரின், சாகத் தொடங்கும் செல்லில் வெளிப்பக்கம் வரும். விழுங்கும் செல்லுக்கு 'என்னைத் தின்னு' என்று அதுதான் அறிவிப்பு. அனெக்சின் வி அதைப் பிடிக்கும். கூடவே பி.ஐ. (புரோபிடியம் அயோடைடு) சாயம். சவ்வு கிழிந்திருந்தால் மட்டும் உள்ளே போகும். அனெக்சின் மட்டும் ஒட்டியது ஆரம்ப நிலை. இரண்டும் ஒட்டினால் சவ்வு கிழிந்துவிட்டது, ஆனால் எப்படிச் செத்தது என்று அதை வைத்துச் சொல்லக்கூடாது. அனெக்சின் ஒட்டக் கால்சியம் வேண்டும், ஆகவே செல்லைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சினோடு வரும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.வை நன்றாகக் கழுவுங்கள். டிரிப்சினில் அதிக நேரம் விட்டால் நல்ல செல்லும் கிழியும். மஞ்சள் சம்பந்தப்பட்ட ஆய்வு என்றால் இன்னொரு கண்ணி: குர்குமின் தானே பச்சையாக ஒளிரும், அனெக்சினோடு ஒட்டிய பச்சைச் சாயத்தோடு கலந்துவிடும். சாயம் போடாமல் குர்குமின் மட்டும் கொடுத்த செல்லையும் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, கத்தி. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் கேஸ்பேஸ்-3இன் முழு வடிவம் மட்டும் காட்டுவது போதாது. அது உயிருள்ள செல்லிலும் இருக்கும். வெட்டுப்பட்ட 17 கிலோடால்டன் துண்டு தெரிய வேண்டும். அதோடு கேஸ்பேஸ் வெட்டும் பார்ப் என்ற புரதம் 116இலிருந்து 89 கிலோடால்டனாகக் குறைவதையும் பாருங்கள்.

மூன்றாவது, குளம். சைட்டோகுரோம் சி மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோசாலுக்கு, அதாவது சுற்றியுள்ள செல் திரவத்துக்கு வந்ததா என்று பிரித்துப் பார்ப்பது. மாணவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள், ஏனென்றால் கஷ்டம். ஆனால் கட்டுப்பாடு பற்றிப் பேசுகிறவருக்கு இதுதான் முக்கியச் சாட்சி.

பிளாட்டில் கோடு பாதியாக மங்கியது என்றால் ஒவ்வொரு செல்லிலும் பாதி நடந்தது என்று படிக்காதீர்கள். பாதிச் செல்களில் முழுதாக நடந்தது, மீதியில் நடக்கவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. ஒரே செல்லிலிருந்து பிரிந்த அக்கா தங்கைகூட ஒரே மருந்துக்கு வெவ்வேறு நேரத்தில் சாகின்றன. பிரிந்த புதிதில் ஒன்றாகவும், நாளாக ஆக விலகியும் சாகின்றன என்று 2009இல் பீட்டர் சார்ஜரின் குழு காட்டியது. இரண்டுக்கும் மரபணு ஒன்றுதான். கையிலிருக்கும் புரதங்களின் அளவு கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போனதுதான் காரணம். நம் குடும்பங்களில் பார்க்காததா.

படி 9: தடுத்துப் பாருங்கள்

இதுவரை சேர்த்தது எல்லாம் 'கூடவே நடந்தது' என்ற அளவில்தான் நிற்கும். 'அதனால் நடந்தது' என்று சொல்ல ஒரே வழி, ஒன்றை எடுத்துவிட்டுப் பார்ப்பது.

முதலில் எல்லாக் கேஸ்பேஸையும் முடக்கும் இசட்-வாட் கொடுங்கள், தூண்டலுக்கு ஒரு மணி நேரம் முன்பு. செல்கள் பிழைத்தால் கத்தி அதுதான். பிழைக்காவிட்டால் உடனே ஆய்வு தோற்றது என்று நினைக்காதீர்கள், சுவாரசியமே இங்கேதான். கரை ஏற்கெனவே உடைந்திருந்தால் கேஸ்பேஸ் இல்லாமலும் செல் மெதுவாகச் சாகும். அதைப் பார்க்க பாக்ஸ், பாக் இரண்டும் நீக்கப்பட்ட செல் வேண்டும். ஒன்று மட்டும் இல்லாத செல்லில் மற்றவன் வேலையை முடித்துவிடுவான். இரண்டும் இல்லாத செல்கள் பலவகைத் தூண்டல்களுக்கு அசைவதில்லை என்று 2001இல் காட்டப்பட்டது.

இன்னொரு வாய்ப்பு, கேஸ்பேஸை முடக்கியதாலேயே வேறு சாவு கிளம்புவது. சாதாரணமாக ஆர்.ஐ.பி.கே-1, ஆர்.ஐ.பி.கே-3 என்ற இரண்டு நொதிகளைக் கேஸ்பேஸ்-8 அடக்கி வைத்திருக்கும். அதை முடக்கினால் அவை எம்.எல்.கே.எல். என்ற புரதத்தை அனுப்பிச் சவ்வைக் கிழிக்கும். இதன் பெயர் நெக்ரோப்டோசிஸ். பார்க்க நெக்ரோசிஸ் மாதிரி, ஆனால் உத்தரவின்பேரில் நடப்பது. கேஸ்பேஸ்-8 இல்லாத எலிக்கரு வயிற்றிலேயே இறந்துவிடும். கூடவே ஆர்.ஐ.பி.கே-3ஐயும் நீக்கினால் எலி பிறந்து வளர்கிறது என்று 2011இல் தெரிந்தது. படி 2இல் போட்ட கணக்கு ஞாபகம் வருகிறதா? ஆர்.ஐ.பி.கே-1ஐ முடக்கும் நெக்ரோஸ்டாட்டின்-1 சேர்த்தால் பிழைக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இரும்பும் கொழுப்பு ஆக்சிஜனேற்றமும் சேர்ந்து கொல்லும் ஃபெரோப்டோசிஸாக இருக்கலாம். அதைத் தடுத்துப் பார்க்க ஃபெரோஸ்டாட்டின்-1. எதுவுமே காப்பாற்றவில்லை என்றால், சொல்லவே சங்கடமாக இருக்கிறது, உங்கள் பொருள் மண்ணெண்ணெயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு உங்கள் காவலர். எம்.சி.எல்-1 குறைந்ததுதான் காரணம் என்றால், வெளியிலிருந்து எம்.சி.எல்-1ஐக் கூட்டிக் கொடுத்தால் செல் பிழைக்க வேண்டும். பொருள் எதுவும் இல்லாமல் எம்.சி.எல்-1ஐ மட்டும் குறைத்தால் செல் சாக வேண்டும். முதலாவது நடந்து இரண்டாவது நடக்காவிட்டால், அது தேவை, ஆனால் அது மட்டும் போதாது. அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் குறையாது.

படி 10: கருவி ஊரில் இல்லாதபோது

அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இருந்தாலும், சில அளவீடுகளுக்கு மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ பெட்டியோடு போக வேண்டிவரும். எதைக் கொண்டுபோகலாம் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 70 சதவீதக் குளிர் எத்தனாலில் பதப்படுத்திய செல்களை, டி.என்.ஏ. அளவு பார்ப்பதற்காகப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். வெஸ்டர்னுக்கான புரதச் சாற்றை உறையவைத்துக் கொண்டுபோகலாம். அனெக்சின் சோதனைக்கு இரண்டும் உதவாது. அது உயிருள்ள செல்லில், அன்றைக்கே.

ஆகவே சோதனையைக் கொண்டுபோகாமல் செல்லைக் கொண்டுபோங்கள். குடுவையின் கழுத்துவரை வளர்ப்பு ஊடகத்தை நிரப்பி, காற்றுக்குமிழ் இல்லாமல் மூடியை இறுக்கி, பாராஃபிலிம் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். ஐஸ் வேண்டாம். கத்திரி வெயிலில் பஸ்ஸில் போவதாக இருந்தால் ராத்திரி வண்டி பிடியுங்கள். 42 டிகிரி பட்ட செல் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் குவித்துக்கொள்ளும். அவற்றில் சில அப்போப்டோசிஸையே தடுக்கும். பிறகு உங்கள் பொருள் வேலை செய்யவில்லை என்று நீங்கள் எழுதுவீர்கள், வேலை செய்யவிடாதது வழியில் பட்ட வெயிலாக இருக்கும்.

போய்ச் சேர்ந்ததும் ஊடகத்தை மாற்றி, ஒரு நாள் இன்குபேட்டரில் ஓய்வு கொடுத்து, மறுநாள் பொருளைச் சேருங்கள். கருவிக்கு முன்பதிவு அதற்கு அடுத்த நாளுக்கு இருக்கட்டும். குடுவையில் மார்க்கரால் எழுதாதீர்கள், அங்கே எல்லோரும் எத்தனால் தெளித்துத் துடைப்பார்கள். காகித டேப்பில் பென்சிலால் செல்லின் பெயர், தேதி, எத்தனையாவது முறை பிரித்தது, உங்கள் பெயர் எல்லாம் எழுதி, மூடியில் ஒன்று, உடம்பில் ஒன்று ஒட்டுங்கள்.